இடது கை

ஒருத்தன் அடி வாங்குவதை இன்னொருத்தன் சோறு தின்றுகொண்டே பார்க்கிற காலமாகிவிட்டது. ஒரு கூச்சநாச்சம் கிடையாது ஜனங்களுக்கு.

அப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டு கண்ணையன் கரும்புக் கொல்லையிலிருந்து வந்து வாசலில் கால் கழுவினார். உள்ளே டிவியில் சண்டை. காலையிலிருந்தே சண்டை.

டிவிக்கு எதிரே கட்டிலில் அவர் மனைவி தனக்கொடி. ஐப்பசிக் கடைசியில் மாட்டுக்கொட்டகையில் விழுந்தவள். வாதம் இடது பக்கம் மொத்தத்தையும் அடித்துப் போட்டுவிட்டது, பேச்சும் போச்சு. மூன்று மாதத்துக்குள் அந்தக் கை கொஞ்சமாவது அசைந்தால் தேற்றிவிடலாம், இல்லாவிட்டால் கஷ்டம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தை பாதி ஓடிவிட்டது. இன்னும் பத்து நாள்தான் பாக்கி.

மகள் கல்பனா தன் வீட்டை விட்டு வந்து அம்மாவோடு இருந்தாள். அவள்தான் டிவியைக் கட்டிலுக்கு நேரே திருப்பி வைத்தாள். சீரியல் போட்டாள், தனக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். சாமிப் பாட்டு போட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருநாள் கை தவறி ஒரு சீனச் சண்டைப் படம் வந்தது. தனக்கொடி கண்ணை அகல விரித்துப் பார்த்தாள்.

அன்றிலிருந்து யூடியூபில் அதுதான். ஒற்றைச் சடை போட்ட ஒல்லிப் பெண் ஒருத்தி, பத்துத் தடியன்களைச் சுழற்றிச் சுழற்றி அடிப்பாள். ஒவ்வொருத்தன் விழும்போதும் தனக்கொடியின் வாயில் உயிருள்ள ஓரம் லேசாக மேலே இழுத்துக்கொள்ளும். சிரிப்பு என்றாள் கல்பனா.

கண்ணையனுக்கு அது பிடிக்கவில்லை.

"இன்னா சண்டடி இது. பல்லி மாதிரி செவுத்துல ஓடறான். சீனாக்காரன் வாயில மெட்ராஸ் பேச்சு வருது."

"அம்மாவுக்குப் புடிச்சிருக்குது. வுடுப்பா."

எல்லாம் கயிறு கட்டித் தூக்குகிற வேலை. அடி விழுவதற்கு முன்னாலேயே சத்தம் வருகிறது. நிஜமாக அறை வாங்கியவர்கள் அப்படித் துள்ளி எழுந்து நிற்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள்.

கால் கழுவிவிட்டு அவர் உள்ளே வந்தார். வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பிசியோதெரபிப் பெண் சுவேதா, கட்டிலோரம் உட்கார்ந்து தனக்கொடியின் காலை நீவிக்கொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்து கல்பனாவைப் பார்த்தாள்.

"அக்கா, பாத்தீங்களா? கை."

செத்த கை. மெத்தையை விட்டு ஒரு சாண் எழும்பி, முழங்கை மடங்கி, நடுங்கியபடி நின்றுவிட்டு விழுந்தது.

டிவியில் சடைக்காரி முன்னங்கையைக் குறுக்கே கொடுத்து அடியைத் தடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ண பாத்து அப்டியே செய்யறாங்கக்கா. ஆயா கராத்தே கத்துக்கினாங்க."

இத்தனை நாளும் கஞ்சி ஊட்டியது கண்ணையன். துணி மாற்றியது அவர். அந்தக் கை எழும்பினால் தேருக்கு வடம் பிடிக்கிறேன் என்று சாமிக்கு வேறு நேர்ந்துகொண்டிருந்தார்.

சுவேதா அதே சண்டையைப் பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினாள். கை அசையவில்லை. இன்னொரு தடவை ஓட்டினாள். அசையவில்லை.

கண்ணையன் வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். கை எழும்பியது.

"தாத்தா, இன்னொரு வாட்டி வெளிய போய்ட்டு வாங்களேன்."

போனார், வந்தார். எழும்பியது. மறுபடி போய் வந்தார். இந்த முறை இன்னும் மேலே போய், முழங்கை முகத்துக்கு முன்னால் வர, விரல்கள் இடது காதை மூடிக்கொண்டன.

கல்பனா எழுந்து டிவியை நிறுத்தினாள்.

"இப்ப வாப்பா."

"நிறுத்திட்டா எப்டிடி தூக்குவா?"

"நீ வாப்பா."

வாசற்படியில் கொஞ்சம் நின்றார். பிறகு காலை எடுத்து உள்ளே வைத்தார். இதுவரை இல்லாத வேகத்தில் எழும்பியது கை.

சுவேதா நோட்டைத் திறந்தாள். "எத பாத்து தூக்கறாங்கன்னு டாக்டர் கேப்பாருக்கா. சண்டப் படம்னு எழுதிக்கவா?"

"படம்னு எழுதாத. எங்கப்பா உள்ள வரும்போதுன்னு எழுதும்மா."

சுவேதா சிரித்தாள். "பாருங்க தாத்தா, உங்க மேல ஆயாவுக்கு எவ்ளோ ஆசை."

கல்பனா சிரிக்கவில்லை. அம்மாவின் காதிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் காது கேட்காமல் போய் இருபது வருஷமாகிறது. அது வாதத்தில் போனதல்ல.

கண்ணையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

"தெனம் பத்து வாட்டி இப்டியே உள்ள வந்துட்டுப் போங்க தாத்தா," பின்னாலிருந்து சுவேதா சொன்னாள். "கை வந்துடும்."

"எல்லாம் அந்தப் படத்தப் பாத்து வந்தது," என்றார் அவர், திரும்பாமல். கொல்லைப் பக்கம் நடக்க நடக்க அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனார்.