ஒரு சிட்டிகை உப்பு

"தண்ணியா அது? அமிர்தம்!" என்று நாக்கூசாமல் சொன்னாள் டெய்லரக்கா.

எதிர்வீட்டு நர்ஸ் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள். சமையலறைச் சுவரில் புது வாட்டர் ஃபில்டர் பச்சை விளக்கோடு பளபளத்தது.

"நானும் ஒண்ணு வாங்கலாம்னு பார்க்கறேன். வாங்கலாமாக்கா?"

"கண்ணை மூடிட்டு வாங்குங்க சிஸ்டர். இந்தாங்க, மாட்டிவிட்டவன் நம்பர்."

நர்ஸ் போனதும் டெய்லரக்கா கதவைச் சாத்தினாள்.

அந்த ஃபில்டருக்குள் ஒன்றும் கிடையாது. போன வாரம் டை கட்டிக்கொண்டு வந்த ஒருத்தன் மாட்டிவிட்டுப் போனது. மறுநாளே சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மூடியைக் கழற்றினால் ஒரு துண்டு ஸ்பாஞ்சு, ஒரு விளக்கு. அவ்வளவுதான். போன் பண்ணினால் இவள் நம்பரைப் பார்த்ததும் கட் பண்ணுகிறான்.

பணம் சும்மா வந்ததில்லை. தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்கிக்கொள் என்று, லாரி ஓட்டும் புருஷன் தூக்கம் கெட்டுச் சேர்த்துக் கொடுத்தது. சனிக்கிழமை வந்துவிடுவார். முதல் கேள்வியே "மோட்டார் எங்கே?"தான்.

உண்மையைச் சொல்லி அழலாம். ஆனால் இந்த நர்ஸிடமா?

நாலு வருஷமாக எதிரெதிர் வாசல். ஒரு யூனிஃபார்ம்கூடத் தைக்கக் கொடுத்ததில்லை மகராசி. கடைத்தெருவில்தான் கொடுப்பாள். மாசம் பிறந்தால் சம்பளம், புது ஸ்கூட்டர், ஜன்னலுக்கு மாற்றி மாற்றித் திரை. படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே டெய்லரக்காவுக்கு ஊசி விரலில் ஏறும். அவள் காதில் விழட்டும் என்றே, 'எனக்கு மோட்டார் வரப்போகுது' என்று மாடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

இப்போது எந்த மூஞ்சியோடு போய் நிற்பது?

'நான் மட்டும்தான் ஏமாளியா? அவளும் ஏமாறட்டும்.'

அன்றைக்கு மிதிப்பதற்குக்கூட மெஷின் லேசாக இருந்தது.

வியாழக்கிழமை டை கட்டியவன் எதிர்வீட்டுக்கு வந்தான். டெய்லரக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கதவோரம் காதை வைத்தாள். அதே நேரம் நர்ஸ் வந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, நீங்களும் வாங்க. இதுல அனுபவம் உள்ளவங்க நீங்கதானே!"

உள்ளே நுழைந்த டெய்லரக்காவைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு கணம் முகம் செத்தது. உடனே இளித்தான். "இவங்க நம்ம பழைய கஸ்டமராச்சே!"

டெய்லரக்காவும் இளித்து வைத்தாள். அவனைக் காட்டிக்கொடுத்தால் தன் மானமும் சேர்ந்தல்லவா போகும்?

மேஜைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவன் கொண்டுவந்த சுத்தமான தண்ணீர். கரன்ட் வயரில் கோத்த இரண்டு ஜோடி இரும்புக் கம்பிகளை உள்ளே விட்டான். குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, சேறாகித் திரண்டது. மற்றது அப்படியே தெளிவாக இருந்தது.

"இதைத்தான் மேடம் தினம் குடிக்கறீங்க. உள்ள இருக்கறது கிட்னியா, சல்லடையா?"

டெய்லரக்காவை அன்று கவிழ்த்ததும் இதே வசனம்தான்.

"ஐயையோ!" என்றாள் நர்ஸ். எழுந்து போய் உப்பு டப்பாவோடு வந்தாள். தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள்.

"இப்ப விடு கம்பியை."

"மேடம், அது வந்து..."

"விடுப்பா."

அவன் 'சுத்தமான' தண்ணீர், முதல் டம்ளரைவிட மோசமாகக் கலங்கியது.

"தண்ணில உப்பு இருந்தா கம்பி கரைஞ்சு கலர் விடும். இது அழுக்கு இல்ல தம்பி, உன் கம்பியோட துரு. நீ பேசினது எல்லாம் இந்தப் போன்ல இருக்கு. கீழ வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிட்டார். போலீஸுக்குப் போகலாமா, இல்ல அக்கா பணத்தை இப்பவே அனுப்பறியா?"

டெய்லரக்காவின் கையிலிருந்த போன் 'டிங்' என்றது.

நர்ஸ் அதை எட்டிப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, கேட்டைத் திறக்கச் சொல்லிக் கீழே ஒரு குரல் கொடுத்தாள். அவன் டையைக் கழற்றியபடியே படியிறங்கி ஓடினான்.

டெய்லரக்கா நர்ஸ் பக்கம் திரும்பினாள். "நான்... நல்லா இருக்குன்னுதானே சிஸ்டர் சொன்னேன்?"

"சொன்னீங்க. ஆனா நான் ட்யூட்டி முடிஞ்சு விடிகாலைல வர்றப்ப, ஒரு வாரமா கீழ அடிபம்புல குடிக்கற தண்ணிக்குக் குடத்தோட நிக்கறது யாருக்கா?"



நர்ஸ் உள்ளே போய் வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து டெய்லரக்கா கையில் வைத்தாள்.

"முதல்ல மோட்டாரை வாங்குங்க. அப்புறமா இந்த யூனிஃபார்மைத் தைச்சுக் குடுங்க, அவசரமில்ல. வீங்கின காலோட நீங்க மிதிக்கறதைப் பார்த்துட்டு, என் துணியையும் உங்ககிட்டக் குடுக்க நாலு வருஷமா எனக்கு மனசு வரலக்கா."