தேய்ந்த செருப்பு

கொடுமுடிப் படித்துறையில் கிடந்த இன்னாசிமுத்துவின் செருப்பைத் துணிப்பையில் தைத்து, ஏட்டு வின்ஸ்டன் அரக்கு முத்திரை வைத்து மூன்று வருடம் ஆகிறது. காணாமல் போன ஆள் ஆற்றோடு போய்விட்டார் என்று வழக்கை முடிக்க, அவர் மனைவி அருள்செல்வியின் முன்னால் பையைப் பிரித்தார். முத்திரையில் ஒரு கீறல்கூட இல்லை. செருப்பைக் கைப்பற்றியபோது போட்ட மகஜரில் 'புதுச் செருப்பு' என்று வின்ஸ்டனே எழுதியிருந்தார். வெளியே வந்ததோ குதிகால் தேய்ந்து, வார் நீல நூலில் தைத்திருந்த செருப்பு.

"பைக்குள்ளயே நடந்துட்டு இருந்தாருங்களா?" என்றாள் அருள்செல்வி.

"என்னையக் கேட்டா எப்படீங்க அம்மணி? பையை வெச்ச பீரோ சாவிகூட எங்கிட்டத்தான் இருந்துச்சு."

அவள் செருப்புக்குள் கைவைத்தாள். "இப்பத்தான் கழட்டுனாப்ல சூடா இருக்குதுங்க."

வின்ஸ்டனும் தொட்டுப் பார்த்தார். எழுதி வைத்திருந்த இறுதி அறிக்கையைக் கிழித்தார். புதுத்தாளில், 'ஆள் நடந்துகொண்டிருக்கிறார். தேடல் தொடர்கிறது' என்று எழுதினார்.