குதிகால் இல்லாத கண்ணன்

மாடு கட்டிப் பால் விற்கிற வீட்டில் பிறந்த முகுந்தனுக்குப் பால் ஆகாது, வெண்ணெய் ஆகாது. ஏழு வயதாகியும் பேச்சு வரவில்லை. குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில்தான் நடப்பான். போன கிருஷ்ண ஜெயந்திக்கு, பிரசாதம்தானே என்று அவன் அத்தை ஊட்டிவிட்டாள். அந்த ஒரு விரல் வெண்ணெய்க்கு நாள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் கையையே கடித்துக்கொண்டான். இந்த வருஷமும் அத்தை வெண்ணெய்ச் சட்டியோடு வந்து வாசலில் திகைத்து நின்றாள். அரிசி மாவில் கண்ணன் பாதம் நடை முழுக்கப் பதிந்திருந்தது. ஒன்றுக்கும் குதிகால் இல்லை.

“என்ன ருக்மணி, பாதியிலயே விட்டுட்ட?”

“முழுசாத்தான் இருக்கு மதினி,” என்றாள் முகுந்தனின் அம்மா. “எங்க வீட்டுக்கு வர்ற கண்ணன் இப்படித்தான் நடப்பான்.”

உள்ளே முகுந்தன், காலில் ஒட்டிய கோல மாவு இன்னும் காயாமல், தேங்காயெண்ணெய் விட்டுப் பிசைந்த சீடையைப் பூஜைக்கு முன்பே கொறித்துக்கொண்டிருந்தான். சாமி படத்தின் முன்னாலும் அதே சீடைதான்.

“வெண்ணெய் இல்லாம கண்ணனுக்குப் படையலா? சாமி கோவிச்சுக்கும்டி!”

“கோவிச்சுக்கட்டும். எம்பிள்ளை பார்த்துக்கிட்டு நிக்க, தான் மட்டும் திங்கிற சாமி இங்க வேண்டாம். சட்டி வாசல்லயே இருக்கட்டும். நீங்க உள்ள வாங்க.”

அத்தை சட்டியையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணன் பாதத்தை மிதிக்கக் கூடாது. பாதங்களுக்கு நடுவே முழுக்கால் வைக்கவும் இடமில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். குதிகாலை உயர்த்தி, நுனிக்காலில் தள்ளாடித் தள்ளாடி உள்ளே வந்தாள்.