மூக்குப் பாறை

ஓடினான்.

பாசி வழுக்கியது. காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. தோளில் நில அளவைக் கோல். அதன் உச்சியில் கண்ணாடிப் பட்டகம். ஓட்டத்தில் இரண்டும் குதித்தன.

நோர்வேயின் வடகோடிக் கடற்படை முகாம். முள்வேலிக்கு உள்ளே ஓடுகிறான். யாரும் சுடவில்லை.

சிரிப்பு வந்தது.

யாழ்ப்பாணத்தில் ஓர் இராணுவ முகாமைக் கடப்பதற்கே சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். குனிந்த தலை நிமிராமல் உருட்ட வேண்டும். உள்ளே போனவர்களைத் தாய்மார் இன்னும் தேடுகிறார்கள்.

இங்கே, வாருங்கள், அளந்து வரையுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். இன்று காலை மட்டும். கரை முடிந்தது, குன்று முடிந்தது. மிச்சம் ஒரே ஒரு புள்ளி. கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாறை.

எதிர்க்குன்றில் அளவைக் கருவியோடு நின்று இந்தக் கண்ணாடியைக் குறிபார்க்கிற கேதீசன் வோக்கி-டோக்கியில் கத்தினான்.

"அண்ணை, சிவப்புக் கொடி ஏத்தப் போறாங்கள்! சூட்டுப் பயிற்சி தொடங்கினா எங்களைக் கலைச்சுப்போடுவாங்கள். பிறகு அந்த மூக்கு படத்தில இல்லை. கோலை நேராப் பிடியுங்கோ, காவடி ஆடாதேங்கோ!"

நுனிக்கு வந்துவிட்டான். கோலை ஊன்றினான்.

முன்பு வேலை செய்த மீன் தொழிற்சாலையின் குளிர் தின்ற விரல்கள். இன்றைக்கு வலிக்கவில்லை.

கோலில் பதித்த வட்டத்துக்குள் நீர்க்குமிழி அங்குமிங்கும் ஓடியது. அது நடுவில் நின்றால் கோல் நேர், அது போதும். பாறை படத்தில் ஏறிவிடும்.

நிற்கப் போகிறது.

இதோ, நிற்கப் போகிறது.

பின்னால் சப்பாத்துச் சத்தம். ஒரு குரல்.

கைகள் தாமாகவே மேலே போயின.

இரண்டும்.

கோல் கடல்பக்கம் சாய்ந்தது.

பின்னால் வந்த சிப்பாய் பாய்ந்து அதைப் பிடித்துவிட்டான். காலை வணக்கம்தான் சொல்லியிருந்தான், பாவம். ஒன்றும் புரியாமல் கோலை அதே இடத்தில் நிறுத்திக்கொண்டு விழித்தான்.

இறங்கு என்று இவன் தன் கைகளுக்குச் சொல்லிப் பார்த்தான்.

இறங்கவில்லை.

தூரத்துக் கம்பத்தின் அடியில் சிவப்பாக ஏதோ அசைந்தது.

"அண்ணை, கோல் சரிஞ்சு நிக்குது! என்ன செய்யிறீங்கள்?"

கழுத்தை நீட்டிக் குமிழியைப் பார்த்தான்.

தலைக்கு மேலே வலக்கை விரல்கள் மெல்ல அசைந்தன.

இடப்பக்கம்.

சிப்பாய் கோலை நகர்த்தினான்.

இன்னும் கொஞ்சம்.

நகர்த்தினான்.

குமிழி நடுவுக்கு வந்து நின்றது. உள்ளங்கை விரிந்தது. போதும்.

சிப்பாய் அசையாமல் நின்றான்.