மரிசெல்லுக்குத் தமிழ் வருமா?

"வாயத் தொறயேன்டி! சார் கேக்கறாரு இல்ல? உள்ள இன்னாத்த முழுங்கி வெச்சிக்கினு கீற?"

அதிகாரி சித்தார்த்தன் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, நீங்க சாட்சி சொல்ல வந்திருக்கீங்க. உங்களைக் கேட்டா மட்டும் பேசுங்க. இப்ப அவங்களைத்தான் கேக்கறேன்."

ரோஸியம்மா முகத்தை வெட்டித் திருப்பிக்கொண்டாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். அந்தக் குரலுக்கு இந்த அறை போதவில்லை.

பக்கத்து நாற்காலியில் அவள் மருமகள் மரிசெல், கைக்குட்டையைக் கசக்கியபடி உட்கார்ந்திருந்தாள். பிலிப்பைன்ஸில் பிறந்தவள். கப்பலில் சமையல்காரனாக இருந்த பிரபாகரைக் கல்யாணம் செய்துகொண்டு பட்டினப்பாக்கம் வந்து சேர்ந்தவள். பிரபாகர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டான். அதன்பிறகு விசாவைப் புதுப்பிப்பதே பெரும்பாடாகிவிட்டது. இந்தியக் குடியுரிமை கிடைத்தால் இருக்கலாம். இல்லாவிட்டால் ஊரைப் பார்த்துக் கிளம்ப வேண்டியதுதான்.

"சொல்லுங்கம்மா. எதுக்காக இந்தியக் குடியுரிமை கேக்கறீங்க?"

"நான்... இங்கே... வசிக்கிறேன்..."

"சரி. அப்புறம்?"

மரிசெல்லின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

"தமிழ் நல்லாத் தெரியும்னு எழுதியிருக்கீங்க. இந்த நாட்டு மொழி ஒண்ணு தெரிஞ்சிருக்கணும்ங்கறது சட்டம். தெரியும்னு நான் எழுதணும்னா, நீங்க நாலு வார்த்தையாவது பேசணுமே?"

"தெரியும் சார்... பயம்..." என்றாள். அதோடு சரி.

சித்தார்த்தன் கிழவியின் பக்கம் திரும்பினார். "வீட்ல நீங்க ரெண்டு பேரும் எந்த பாஷையில பேசிக்குவீங்க?"

"இதுகிட்ட இன்னா சார் பேச்சு? மூஞ்சியப் பாத்தாலே எனக்குப் பத்திக்கினு வருது."

சித்தார்த்தனுக்கு ஒன்று புரிந்த மாதிரி இருந்தது. பிள்ளை போய்விட்டான். பேரக்குழந்தையும் இல்லை. இருப்பது ஒரு ஹவுசிங் போர்டு வீடு. இந்தப் பெண் போய்த் தொலைந்தால் கிழவிக்கு வசதிதான். அப்படியானால் எதற்காகச் சாட்சிக்கு வந்தாள்? காரியத்தைக் கெடுக்கவா?

"இது லட்சணத்தக் கேளு சார்," கிழவி விடவில்லை. "நேத்து நல்ல வவ்வால் மீனா பாத்து எடுத்தாந்து குட்த்தேன். அதுல வினிகர ஊத்தி வெச்சிக்கீறா. வவ்வாலுக்கு எவளாவது வினிகர் ஊத்துவாளா? நாய்கூட மோந்து பாக்காது!"

மரிசெல் தலை நிமிர்ந்தாள்.

"அம்மா, போதும்," என்றார் சித்தார்த்தன்.

"இன்னா போதும்? என் புள்ள போய்ச் சேந்ததே இது கையால துன்னுதான். புருசன ஒழுங்கா கவனிக்கத் துப்பில்ல, இதுக்கு இந்தியா கேக்குதா?"

நாற்காலி பின்னால் தள்ளப்பட்ட சத்தம். மரிசெல் எழுந்து நின்றாள்.

"இன்னா அத்தே சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு! வினிகர் மீன தட்ட வழிச்சி வழிச்சித் துன்னது யாரு? இன்னும் ரெண்டு துண்டு போடுன்னது யாரு? சொம்மா வாய்க்கு வந்தத பேசிக்கினு கீற! சக்கர ஏறி நீ ஆஸ்பத்திரில கெடந்தியே, உன் பொண்ணா வந்தா? நான்தான கஞ்சி காச்சி எடுத்துக்கினு பஸ் புட்ச்சி ஓடியாந்தேன்! அவர கவனிக்கலையா நானு? கப்பல்லேந்து வந்தா அவரு காலு தரைல பட வுட்டுக்கீறனா? உன் கண்ணால பாத்தல்ல? என்னத் தொரத்தலாம்னு பாக்காத. எங்கம்மா ஊட்டுக்கும் போவ மாட்டேன், எந்த ஊருக்கும் போவ மாட்டேன். என் வூட்டுக்காரரப் பொதைச்ச மண்ணு இங்க கீது. நானும் இங்கதான் சாவேன்!"

மூச்சு வாங்கியது. அப்புறம்தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்து, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாரி சார்..."

சித்தார்த்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"பரவாயில்லம்மா. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சிடுச்சு. மெட்ராஸ்ல பொறந்த எனக்கே இவ்வளவு தமிழ் வராது. தாராளமா எழுதறேன். நீங்க வெளிய உக்காருங்க, கூப்பிடறேன்."

மரிசெல் கண்ணைத் துடைத்தபடி, மாமியாரைத் திரும்பியும் பாராமல் வெளியே போனாள். ரோஸியம்மாவும் எழுந்தாள்.

"நீங்க இருங்க," என்றார் சித்தார்த்தன். குரல் கடுத்திருந்தது. "பெரியவங்களாச்சேன்னு இவ்வளவு நேரம் பொறுத்துக்கிட்டேன். புருஷனைப் பறிகொடுத்த பொண்ணும்மா அது. பிடிக்கலைன்னா ஒதுங்கிப் போங்க. செத்துப்போன பையனைச் சொல்லியா குத்திக் காட்டறது? நீங்க நெனச்சு வந்தது நடக்கலை. தெரிஞ்சுக்குங்க."

ரோஸியம்மா கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு மேஜைமேல் குனிந்து, அந்த அறைக்குள் நுழைந்ததிலிருந்து முதல்முறையாகத் தணிந்த குரலில் கேட்டாள்.

"அப்போ, அத ஊருக்கு அனுப்ப மாட்டீங்கல்ல சார்?"

சித்தார்த்தன் பேனாவைக் கீழே வைத்தார்.

"பயந்தா அதுக்கு வாயே வராது சார். கோவம் வந்தாதான் தமிழ் வரும்," முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "கொழம்பு சரியில்லன்னு சொன்னா மொறைச்சிட்டு வுட்டுடும். எம்புள்ளய இழுத்தாதான் அதுக்குத் தாங்காது. அதான் சார்... ஏசுவே மன்னிச்சிக்கோன்னு சொல்லிக்கினே, பெத்த வாயால அப்டிப் பேசிட்டேன்."