பழைய கார்டுக்குக் கழிவு

முடங்கிக் கிடந்த பட்டறையின் உயிருக்குத் தங்கை புருஷன் சொன்ன விலை ஐந்நூறு.

முதலாளியின் பூத்தையல் மெஷினை ஓட்டும் பழைய கம்ப்யூட்டரில் நெட்வொர்க் கார்டு எரிந்துவிட்டது. அதே மாதிரி கார்டு ஊரிலேயே தங்கை புருஷனின் கடையில்தான் இருந்தது. அப்பா வீட்டில் தங்கைக்குப் பங்கில்லை என்று முதலாளி விரட்டிய நாளிலிருந்து இரு குடும்பத்துக்கும் பேச்சில்லை.

"குப்பைக்கு ஐந்நூறா? எரிஞ்ச கார்டையும் நீயே வச்சுக்கோ, நூறு குறை."

"அது உங்ககிட்டயே இருக்கட்டும் மச்சான். அதுல இருக்கிற சிப்பு..."

"சிப்பு கிப்புன்னு கதை அளக்காதே! எனக்கே வியாபாரம் சொல்லித் தர்றியா?"

"சரி, அப்ப அது என்னோடது. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறுறது உன் பரம்பரை!"

நானூறை மேசையில் எறிந்துவிட்டு, மாப்பிள்ளை தலையில் மிளகாய் அரைத்த மிதப்பில் திரும்பினார் முதலாளி.

கார்டை மாற்றியும் தையல் புரோகிராம் திறக்கவில்லை. மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார்.

"ஒவ்வொரு கார்டுக்கும் தனி நம்பர் சார். ஓரத்துல சின்ன சிப்புல இருக்கும். பழைய நம்பரைப் பார்த்தாத்தான் உங்க புரோகிராம் திறக்கும். அதைச் செஞ்ச கம்பெனியையும் மூடிட்டாங்க. கார்டு எரிஞ்சாலும் சிப்பு பிழைச்சிருக்கும். பழசைக் குடுங்க, பிடுங்கி இதுல சொருகிடறேன்."

முதலாளி போனை எடுத்தார். "மாப்ளே... அந்தப் பழைய கார்டு..."

"கார்டு ஐந்நூறு, கழிவு நூறு, நீங்க குடுத்தது நானூறு. அந்தக் கணக்கு நேர் மச்சான். சிப்பு வேணும்னா, அப்பா வீட்டுல உங்க தங்கச்சிக்குப் பாதி. அது ஒண்ணுதான் பாக்கி."