எருமை முதுகில் ஒரு ஞானி

குளத்தங்கரையில் எருமை மேய்ந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் ஒற்றைக் காலில் நின்று தியானம் செய்த வெள்ளைக் கொக்கு, கண்ணைத் திறந்ததும் பிரசங்கத்தை ஆரம்பித்தது.

"கறுப்பு, வெள்ளை என்கிற பேதமெல்லாம் என்னிடம் கிடையாது. இத்தனை வருஷமாக உன் முதுகில்தான் நிற்கிறேன். நீ கறுப்பு என்று ஒரு நாளாவது நினைத்திருப்பேனா?"

"இல்லைங்க சாமி" என்றது எருமை, வாய் நிறையப் புல்லோடு.

"என் கண்ணுக்கு எல்லா உயிரும் ஒரே நிறம்."

"என்ன நிறங்க சாமி?"

"இதென்ன கேள்வி? வெள்ளைதான்."

எருமை புல்லை நிதானமாக மென்று விழுங்கியது. "சாமி, கொஞ்சம் குனிஞ்சு உங்க காலடியைப் பாருங்களேன்."

கொக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தது. கறுத்த முதுகு முழுக்கத் திட்டுத் திட்டாக வெள்ளை எச்சம். பழையது காய்ந்து கிடக்க, அதன்மேல் புதியது.

"அடக் கருமமே. எவன் உன்மேல இப்படி அசிங்கம் பண்ணினான்? ஆளைக் காட்டு, நானே போய்க் கேட்கிறேன்."

அந்த நேரம் பார்த்து, கொக்கின் வாலுக்கடியிலிருந்து சொத்தென்று ஒன்று அதே முதுகில் விழுந்தது.

கொக்கு அதையே வெகுநேரம் பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"இதைப் பற்றி நான் ஆழ்ந்து தியானிக்க வேண்டும்" என்று மறுபடியும் ஒரு காலைத் தூக்கியது.

"தாராளமா தியானிங்க சாமி" என்றது எருமை. "முதல்ல கீழே இறங்குங்க."